எலிவேஷன் ஷீட்டை யாரும் பார்ப்பதில்லை

பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். வேலூரில் இருபத்திரண்டு வருஷமாக இதே வேலைதான். வீடு, கடை, லாட்ஜ், கல்யாண மண்டபம் என்று எது கட்டினாலும் அனுமதிக்குப் போகிற வரைபடத்தில் சைட் பிளான் இருக்கும், தரைத்தளம், மேல்தளம், செக்‌ஷன் இருக்கும், கடைசியில் எலிவேஷன் இருக்கும். தெருவில் நின்று பார்த்தால் கட்டடம் எப்படித் தெரியும் என்று காட்டுகிற படம் அது. இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தைப் பற்றி என்னிடம் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. சுற்றி விடுகிற இடம் (செட்பேக்) எத்தனை அடி, பார்க்கிங் எங்கே, கட்டலாம் என்று அனுமதித்த பரப்பை (எஃப்.எஸ்.ஐ.) தாண்டுகிறதா, மழைநீர் சேகரிப்பைக் காட்டியிருக்கிறாயா என்று கேள்வியெல்லாம் மற்ற படங்களிலேயே முடிந்துவிடும். நானும் யோக்கியனில்லை. ஜன்னல் நாலு, சன்ஷேட் நாலு, பாரப்பெட் ஒன்று. பழைய பைலிலிருந்து எடுத்து ஒட்டி அனுப்பிவிடுவேன்.

போன வாரம் லாங் பஜார் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில் நின்றிருந்தேன். எதிரே ஒரு பிரியாணிக் கடை. வங்காளிப் பையன் ஒருவன் தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். நாற்காலியின் பின்னால் எக்ஸ்ரே கவர் தொங்கியது. கடை வாசலில் கருப்பு கிரானைட்டில் நாலு படி. பையன் படியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். உள்ளேயிருந்து சப்ளையர் ஒருவர் ஓடிவந்து, தூக்கிவிடலாம் என்று சைகை காட்டினார். பெரியவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். பார்சல் வாங்கி, பக்கத்தில் மூடியிருந்த கடையின் ஷட்டர் ஓரமாக வைத்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

அந்த நாலு படியை வரைந்தவன் நான்.

கடை முதலாளியை பாய் என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனுஷர். கடை இருக்கிற கட்டடம் ஒரு காலத்தில் அரிசி மண்டி. முன்பக்கம் முழுக்கப் பலகைக் கதவு, மொத்தம் ஒன்பது பலகை. ஒவ்வொன்றிலும் உளியால் எண் வெட்டியிருக்கும். ராத்திரி ஒன்றிலிருந்து வரிசையாகச் செருகிக்கொண்டு வர வேண்டும், காலையில் ஒன்பதிலிருந்து எடுக்க வேண்டும். ஏழாம் பலகை உப்பிப்போய், மழை நாளில் ஓர் உதை விட்டால்தான் உள்ளே போகும். கதவுக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் திண்ணை, மேலே நாட்டு ஓடு போட்ட தாழ்வாரம், ஓரத்தில் ஒரு தண்ணீர்ப் பானை. சாப்பிட வந்தவர் மட்டுமில்லை, மண்டியில் மூட்டை தூக்குகிறவர், சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டோக்கனுக்குக் காத்திருக்கிறவர், வெயிலுக்கு ஒதுங்குகிறவர் என்று யாரும் அதில் உட்காரலாம். பாய் ஒருநாளும் எழுந்திரு என்று சொன்னதில்லை.

மாடியில் ஏ.சி. ஹால் கட்ட வேண்டும், முகப்பையும் மாற்ற வேண்டும் என்று வந்தார். கையில் செல்போன், அதில் ஏதோ ஊர்க் கடை ஒன்றின் படம். சிவப்பும் கருப்புமாகச் சுவரில் ஒட்டுகிற ஏ.சி.பி. ஷீட், உயரமான கண்ணாடி, எல்.இ.டி. எழுத்து. “இதே மாதிரி வேணும் தம்பி. பசங்க வந்து போட்டோ எடுக்கணும். உள்ள இன்னா சாப்பாடுன்னு வெளிய நிக்கிறவனுக்கு எப்டித் தெரியும்? வாசலப் பாத்துதானே உள்ள வரான்?” அவர் கேட்டது தப்பே இல்லை. ஆம்பூரிலிருந்து வேலூர் வரை பத்தடிக்கு ஒரு பிரியாணிக் கடை இருக்கிற ஊரில் அவரும் பிழைக்க வேண்டும்.

படி ஏன் நாலாச்சு என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. தெருவுக்கு ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுத்த அடுக்கைக் கொட்டினார்கள். மூன்று நாலு தடவை அப்படி ஆனதில் முழங்கால் உயரத் திண்ணை கணுக்காலுக்கு வந்துவிட்டது. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் அடுப்படி வரை. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். அதற்குள் எங்கள் தெருக்கள் ஏற வேண்டிய உயரம் ஏறிவிட்டன. பாய் இனிமேலும் ஏறும் என்ற கணக்கில் தரையை ரோட்டுக்கு மேல் இரண்டடி தூக்கச் சொன்னார். இரண்டடிக்கு ஆறு அங்குலப் படி நாலு. படி ஒன்றுக்கு ஓரடி அகலம். எல்லைக்குள் இடமில்லை, வாசலிலிருந்து நீண்டு சாக்கடை மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

முன்பு அந்தச் சாக்கடையை மூடியிருந்தது கடப்பைக் கல். கடப்பாறையை நுழைத்து நெம்பினால் கல் எழும்பும், தூர் வாரலாம். இப்போது ஒரே வார்ப்பாக கான்கிரீட், அதன் மேல் கிரானைட். தூர் வார வருகிறவர்கள் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் வாரிவிட்டுப் போகிறார்கள், நடுவில் பன்னிரண்டடி அப்படியே கிடக்கிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் பக்கத்துப் பாத்திரக் கடைக்குள் போகிறது. அந்தக் கடைக்காரர் இப்போது தன் தரையைத் தூக்க என்னிடம் வந்திருக்கிறார். தொழில் எனக்கு நன்றாகத்தான் நடக்கிறது!

சரி, அனுமதி வாங்காமல் செய்தோமா என்றால் இல்லை. கடை கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது, பழுதுபார்ப்பதற்கே அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி, அங்கே கட்ட அனுமதி வாங்க வேண்டும். 2010 திருத்தச் சட்டம் அப்படி. பாயின் கடை இரண்டாவது வட்டத்தில் வருகிறது. தடையில்லாச் சான்றுக்கு (என்.ஓ.சி.) அலைந்தோம், வந்தது. தண்ணீர்த் தொட்டி, மாடிப்படிக் கூண்டு எல்லாம் சேர்த்து இத்தனை மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று உயரம் குறித்திருந்தது. ஒரு அங்குலம் தாண்டவில்லை. 2019 கட்டட விதிகள்படி பார்க்கிங் காட்டினோம், பின்பக்கம் இடம் விட்டோம். எல்லாம் சுத்தம். ஏ.சி.பி. ஷீட்டும் படியும் மாடி வேலை முடிந்த பிறகு தனியாக வந்தவை. சுவரை இடிக்காமல், பரப்பைக் கூட்டாமல் முகப்பை மட்டும் மாற்றினால் அதற்கென்று யாரும் பைல் போடுவதில்லை. பெயின்ட் அடிக்கிற மாதிரிதானே என்று விட்டுவிடுகிறோம்.

பெயின்ட் மாதிரி இல்லை. ஏ.சி.பி. என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் பிளாஸ்டிக். நடுவில் இருப்பது வெறும் பாலிஎத்திலீன் என்றால் தீப்பிடித்ததும் உருகி ஒழுகி எரியும். லண்டனில் 2017 ஜூனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் செத்தார்களே, அங்கே தீ அவ்வளவு வேகமாக மேலே ஏறியதற்கு முக்கியக் காரணம் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த இந்த வகை ஷீட்தான். தீயைத் தாங்குகிற எஃப்.ஆர். கிரேடு என்று தனியாக இருக்கிறது, விலை கூட. பிரியாணிக் கடையில் தம் போடுகிற அடுப்பின் புகைக்குழாய் அந்த ஷீட்டை உரசிக்கொண்டு மேலே போகிறது. என்ன கிரேடு என்று பாய்க்குத் தெரியாது. ஒட்டியவரிடம் கேட்டேன். “நல்ல குவாலிட்டி சார்” என்றார்.

சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தாண்டினால் அது செய்தியே இல்லை. அந்த வெயிலில் மேற்குப் பார்த்த கண்ணாடி முகப்பு. உள்ளே குளிர வேண்டும் என்று நாலு ஏ.சி., அவற்றின் அவுட்டோர் யூனிட் நாலும் தெருவைப் பார்த்து, சரியாக நடந்துபோகிறவர் முகத்துக்கு நேராக. திண்ணையும் தாழ்வாரமும் தெருவுக்கு நிழல் கொடுத்தன. இப்போது உள்ளே இருக்கிற சூட்டைத் தெருவுக்குக் கொடுக்கிறோம்.

பெயர்ப்பலகையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று, மற்ற மொழி இரண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. பாய் கடையில் ஆங்கிலம் ஆளுயரத்துக்கு எரிகிறது, தமிழ் மூலையில் எறும்பு ஊர்கிற மாதிரி. காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் வங்காளியில் எழுதிய போர்டுகளைப் பார்த்து எரிச்சல்படுகிற நண்பர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆஸ்பத்திரிக்காக ஆயிரம் மைல் தாண்டி வந்தவன் சோறும் மீனும் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறான், அவனுக்கு அந்த எழுத்து உதவுகிறது. பாய் கடையின் ஆங்கிலம் யாருக்கு உதவுகிறது என்றுதான் தெரியவில்லை.

என் சித்தி மகள் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். அவள் வீட்டுப் பக்கம் ஓர் ஓட்டல் முகப்பை மாற்றப்போகிறது என்று அவளுக்குத் தபாலில் நோட்டீஸ் வந்ததாம். கூட்டம் போட்டு, வரைபடத்தைச் சுவரில் காட்டி, விளக்கு எந்தப் பக்கம் அடிக்கும், குப்பைத்தொட்டி எங்கே, போர்டு எத்தனை அடி என்று ஒவ்வொன்றாகப் பேசினார்களாம். அரை மணி நேரம் ஒரு மஞ்சள் நிறத்தைப் பற்றியே சண்டையாம். கேட்டுச் சிரித்தேன். எனக்கு அந்த மஞ்சள் சண்டை வேண்டாம். பாய் தன் சுவருக்குக் கிளிப்பச்சை அடித்தாலும் அது அவர் இஷ்டம்.

இங்கே யாராவது “அப்போ முகப்புக்கும் ஓர் அனுமதி வை” என்று சொன்னால் முதலில் எதிர்ப்பவன் நானாக இருப்பேன். பைல் நகர்கிற வழியில் இன்னொரு மேஜை போட்டால் என்ன நடக்கும் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நான் கேட்பது வேறு. வேலூர் மாநகராட்சியில் 60 வார்டு. 2022-ல் வார்டு குழு, பகுதி சபை என்று விதி வந்து, அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாடு முழுக்கக் கூட்டம் தொடங்கியது. தெருவிளக்கு, குடிநீர் பற்றிப் பேசுகிற அந்தக் கூட்டத்திலேயே, கடை முகப்பு மாற்றுகிறவர் அந்த ஒரு எலிவேஷன் ஷீட்டைக் கொண்டுவந்து ஒட்டட்டும். படி எங்கே முடிகிறது, சாக்கடை மூடி தூக்க வருமா, புகைக்குழாயும் ஏ.சி. காற்றும் யார் வீட்டுப் பக்கம் போகும், சக்கர நாற்காலி எப்படி ஏறும். இவ்வளவுதான். பாத்திரக் கடைக்காரர் அன்றைக்கே எழுந்து கேட்டிருப்பார். அவர் சொன்னால் பாயும் கேட்பார். தினம் முகத்தில் முழிக்கிறவர்கள் இல்லையா.

வேறு எந்த ஊரையும்விட இந்த ஊர் நாற்காலியைப் பற்றிக் கேட்டாக வேண்டும். 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தது நம் சி.எம்.சி.யில்தான். 1966-லேயே மறுவாழ்வுக்கென்று தனி மையம் திறந்த இடம். முதுகெலும்பு உடைந்தவர்கள் நாற்காலியைத் தாங்களே உருட்டக் கற்றுக்கொள்ள நாடெங்கிலுமிருந்து இங்கே வருகிறார்கள். கற்றுக்கொண்டு வெளியே வந்தால் என் படி.

புதுச்சேரியில் வைசியாள் வீதி என்று ஒன்று உண்டு. போகிறவர்கள் ஒரு தடவை பாருங்கள். வீட்டுக்காரர்களைக் கூட வைத்துக்கொண்டு, தெருவைப் பார்க்கிற திண்ணையையும் தாழ்வாரத்தையும் வரிசையாகச் சீரமைத்தார்கள். 2008-ல் அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. நான் போனபோது வெயில் நேரம். ஒரு திண்ணையில் தபால்காரர் உட்கார்ந்து கடிதம் பிரித்துக்கொண்டிருந்தார்.

பாயிடம் போய் நாற்காலி விஷயத்தைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. “ஒரு சாய்வு போட்டுடலாமா தம்பி?” என்றார். அங்கேயே கணக்குப் போட்டேன். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். இரண்டடிக்கு இருபத்துநாலு. கடையின் அகலமே இருபத்திரண்டு. “முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். அந்த ஒன்பது பலகையும் தேக்ஸா என்கிற பிரியாணி அண்டா வைக்கிற மேடையாகக் கிடந்தன. ஏழு மட்டும் மேலே தெரிந்தது, மசாலா படிந்து.

இந்த வாரம் சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர் வந்தார். டிபன் சென்டர், முகப்பை மாற்ற வேண்டும், கையில் அதே மாதிரி செல்போன் படம். இந்தத் தடவை எலிவேஷனை முதலில் வரைந்தேன். தரையை ஓரடிக்கு மேல் தூக்கவில்லை. எல்லைக்குள்ளேயே சுவரை ஒட்டிப் பன்னிரண்டடிச் சாய்வு. சாக்கடைக்கு இரும்பு வளையம் வைத்த மூடி, இரண்டு பேர் தூக்கலாம். ஏ.சி. யூனிட் மொட்டை மாடியில். அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதனால எத்தனை டேபிள் போகும் சார்?”

“இரண்டு.”

“எட்டு சீட்டு” என்றார். வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். இன்னும் போன் வரவில்லை.