எழுத்துக்குப் பதினைந்து வெள்ளி

(இடம்: மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயா பட்டணத்தில் ஒரு கடைவீட்டின் பின்பகுதியில் இயங்கும் பெயர்ப்பலகைக் கடை. செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆலையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் காலை நேரம். நாற்பது ஆண்டுகளாகப் பலகை எழுதிவரும் மாமா தூரிகையைக் கழுவிக்கொண்டிருக்கிறார். அவருடைய அக்காள் மகன் கதிரவன் உள்ளே நுழைகிறான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று இதுவரை தெரிந்தவர்களுக்கு வீடியோ எடுத்து வந்தவன், இந்த மாதம் முதல் அதையே முறையான தொழிலாக நடத்தப் போகிறான்.)

கதிரவன்: மாமா, ஒரு மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு யோசித்து, கடைக்குப் பெயரை முடிவு செய்துவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்: "இன்ஃபினிட்டி விஷன் கிரியேட்டிவ் மீடியா புரொடக்‌ஷன்ஸ்".

மாமா: (விரல் விட்டு எண்ணுகிறார்) ஆங்கிலத்தில் 38 எழுத்துகள் வருகின்றன. எழுத்துக்கு 15 வெள்ளி என்றால் 570 வெள்ளி ஆகிறது. பலகை எழுதுகிறவன் என்ற முறையில், இதைவிடச் சிறந்த பெயரை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை என்று சொல்வேன். உன் தாய்மாமன் என்ற முறையில் சொல்வதானால், உன் கடையின் முகப்பு 12 அடிதான், மருமகனே. "புரொடக்‌ஷன்ஸ்" முழுவதும் பக்கத்து முடிதிருத்தும் கடையின் தலைமேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கதிரவன்: அப்படியானால் "விஷன்" என்பதை மட்டும் வைத்துக்கொள்வோம். தொலைநோக்குப் பார்வை என்ற பொருளும் அதில் அடங்கிவிடுகிறது.

மாமா: பொருள் கிடக்கட்டும், ஒருமுறை காதில் விழுந்த பெயர் திரும்ப வாயில் வருகிறதா என்பதை முதலில் பார்ப்போம். (சன்னல் வழியாக எதிரே உள்ள ஒட்டுக்கடையை நோக்கிக் குரல் கொடுக்கிறார்) அக்கா! நம் கதிரவன் "விஷன்" என்று ஒரு கடை திறக்கிறான், தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள்!

(இருவரும் கோப்பி குடிக்கிறார்கள். கோப்பை காலியாவதற்குள் ஒட்டுக்கடைப் பையன் ஒரு புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, மிஷின் கடை திறந்திருப்பதாக அக்கா சொன்னார் என்றும், கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் இது கிளம்பவில்லை என்றும் கூறி, அதைக் கதிரவனின் காலடியில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறான்.)

கதிரவன்: இது பெயரின் குற்றமன்று, மாமா. அக்காவின் காதில் உள்ள குற்றம்.

மாமா: உனக்கு வரப்போகிற வாடிக்கையாளர் எல்லாரும் அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் வருவார்கள். திருமண மண்டபத்தில் மேளம் கொட்டிக்கொண்டிருக்கும்போது, "வீடியோ எடுப்பது யார்?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் வாயில் பாயசத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்ல, அந்தப் பதில் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தால்தான் உனக்கு அடுத்த வேலை கிடைக்கும்.

கதிரவன்: சரி, நல்ல தமிழில் வைப்போம். "ஒளி". மூன்றே எழுத்துகள், 45 வெள்ளியோடு முடிந்துவிடும்.

மாமா: பலகையில் ஓ, எல், ஐ என்றுதானே எழுத வேண்டும்? அதைத் தமிழர் "ஒலி" என்று படித்து ஒலிபெருக்கி வாடகைக்குக் கேட்பார்கள். தோட்டத்து இந்தோனேசியத் தொழிலாளர்களோ மோட்டார் சைக்கிளை நேராக உள்ளே தள்ளிக்கொண்டு வருவார்கள். அவர்கள் மொழியில் ஓலி என்றால் இன்ஜின் எண்ணெய்.

கதிரவன்: "விழி"?

மாமா: அந்த ழகரத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும், கிள்ளானைத் தாண்டுவதற்குள் அது வேறு ஏதோ ஒன்றாகிவிடும். நம்மவர்களே பாதிப் பேர் "விளி" என்கிறார்கள்.

கதிரவன்: அப்படியானால் கண் என்பதையே மலாயில் வைத்துவிடலாம். "மாத்தா" என்றால் மூன்று இனத்தாருக்கும் புரியும்.

மாமா: நன்றாகவே புரியும். தமிழர் அதை "மாதா" என்று படித்து, நீ தேவாலயத் திருமணங்களுக்கு மட்டும்தான் வருவாய் என்று நினைப்பார்கள். மற்றவர்களுக்கு மாத்தா-மாத்தா என்றால் போலீஸ். கல்யாண வீட்டு வாசலில் நின்றுகொண்டு "மாத்தா வந்திருக்கிறது" என்று நீ சொன்னால், மண்டபத்தின் பின்புறத்தில் சீட்டாடுகிறவர்கள் அத்தனை பேரும் செம்பனைக் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள்.

கதிரவன்: "ரீல்" என்பது இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

மாமா: முன்பணம் வாங்குகிற தொழிலுக்கு அந்தப் பெயரா? "ரீல் விடுகிறான்" என்று உன் போட்டியாளர் சொல்ல வேண்டியதை நீயே பலகையில் எழுதித் தொங்கவிடப் பார்க்கிறாயே!

(கதிரவன் சிறிது நேரம் பேசாமல் இருக்கிறான். புல்வெட்டும் இயந்திரத்தின் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறான்.)

கதிரவன்: "ராயல் வீடியோ" என்று வைத்தால் என்ன?

மாமா: ராயல், மலாயில் அதே பொருள் தரும் டிராஜா போன்ற சொற்களைத் தனி அனுமதி இல்லாமல், வணிகங்களைப் பதிகிற எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் பதிய முடியாது. உனக்கும் அரண்மனைக்கும் உள்ள தொடர்பு, சுல்தான் பிறந்தநாளில் நீ விடுமுறை எடுத்துக்கொள்வது மட்டும்தான்.

கதிரவன்: எஸ்.எஸ்.எம். என்றதும் நினைவுக்கு வருகிறது. அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே வணிகத்தைப் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளிதான். வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி. ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டினால் 150 வெள்ளி மிச்சமாகும். பேசாமல் என் பெயரையே வைத்துவிடலாமா?

மாமா: நல்ல யோசனைதான். திரைப்படத் துறையில் ஏவி.எம். என்பதும் மெய்யப்பச் செட்டியாரின் சொந்தப் பெயரின் எழுத்துகள்தானே? அடையாள அட்டையை எடு, எழுத்துக்கூட்டிப் பார்க்கிறேன். (வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அட்டையைக் கண்ணருகே கொண்டுபோகிறார்) கே, ஏ, டி, ஈ, ஆர், ஐ... மருமகனே, இதில் "காட்டேரிவன்" என்றல்லவா இருக்கிறது?

கதிரவன்: என் பிறப்பைப் பதிந்த குமாஸ்தாவின் கைவண்ணம் அது. அப்பா ரப்பர்ப் பால் எடை போடும் நேரமாகிவிட்டதென்று, சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாராம். பள்ளியில் ஆறு ஆண்டுகள் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொன்னதில்லை.

மாமா: மணப்பெண் வீட்டார் காட்டேரிக்கு முன்பணம் கொடுக்க மாட்டார்கள், எலுமிச்சம்பழம்தான் கொடுப்பார்கள். அந்த 150 வெள்ளியை மறந்துவிடு.

கதிரவன்: பிறகு எப்படித்தான் பெயர் வைப்பது? எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

மாமா: நான் சிறுவனாக இருந்தபோது, பலகை எழுதும் என் ஆசானுக்குத் தூரிகை கழுவிக் கொடுப்பேன். ஒருநாள் அவர் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தால் கோடாக் என்று எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பவர் அந்தப் பெயரைப் பதிந்தபோது எந்த மொழியிலும் அதற்குப் பொருள் கிடையாது. கே என்ற எழுத்தின்மேல் இருந்த ஆசையால் முன்னும் பின்னும் அதையே வைத்துக்கொண்டார். சீனர் சொன்னாலும், மலாய்க்காரர் சொன்னாலும், பல்லில்லாத உன் பாட்டி சொன்னாலும் அது கோடாக்தான். நமசிவாயத்தைப்போல அதுவும் ஐந்தெழுத்து. 75 வெள்ளிக்குள் அடங்கியும்விடுகிறது.

கதிரவன்: என் கையில் உள்ள கேனன் கேமராவின் பெயரும் சாமி பெயரிலிருந்து வந்ததுதான், மாமா. 1934இல் அவர்கள் செய்த முதல் மாதிரிக்குக் குவானன் என்று பெயரிட்டார்கள். நம் பட்டணத்துச் சீனர்கள் குவான் இன் என்று கும்பிடுகிற கருணைத் தெய்வம்தான் அது. மறு ஆண்டே கேனன் என்று மாற்றிப் பதிந்துகொண்டார்கள். அப்படியானால் நானும் முதலில் ஏதோ ஒரு பெயரை வைத்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

மாமா: நம் ஊரையே எடுத்துக்கொள். பத்தாங் பெர்ஜுந்தை என்றால் மலாயில் தொங்குகிற தண்டு; அதைச் சொல்லிப் பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததால், 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். புதிய பலகைகளை எழுதி நானும் நான்கு காசு பார்த்தேன். ஆனால், உன் பாட்டி பேருந்தில் ஏறினால் இன்றைக்கும் "பத்தாங்குக்கு ஒரு டிக்கெட்" என்றுதானே கேட்கிறாள்? பக்கத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வாணிகத்துக்கென்று செம்பனையை நட்டது அங்கேதான். நூறாண்டுகளாகச் செம்பனைக் குலையை வெட்டிக் குவித்தும், தென்னமரம் என்ற பெயரை ஒருவராலும் அசைக்க முடியவில்லை. ஊர் வாயில் ஏறிய பெயர் இறங்காது. (குரலைத் தாழ்த்தி) உன்னை ஊரார் எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று உனக்குத் தெரியுமா?

கதிரவன்: (முகம் சிவந்து) அந்தப் பேச்சை எடுக்காதீர்கள், மாமா.

மாமா: எடுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டாம் லயத்துக் கல்யாணத்தில் என்னதான் நடந்தது? ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

கதிரவன்: கேமராவில் விலங்குகள், பறவைகளின் கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஒரு வசதி இருக்கிறது. முதல்நாள் மாலையில் ஓர் இருவாச்சியைப் படம் பிடித்துவிட்டு, அதை அணைக்க மறந்துவிட்டேன். கெட்டிமேளம் கொட்டி, மாப்பிள்ளை தாலியை எடுத்த நேரத்தில், யாரோ வளர்த்த சேவல் ஒன்று மணமேடையின் விளிம்பில் ஏறி நின்றது. கேமரா மாப்பிள்ளையையும் மணப்பெண்ணையும் விட்டுவிட்டுச் சேவலின் கண்ணைப் பிடித்துக்கொண்டது. பின்னால் இரண்டு மங்கலான உருவங்கள் தாலி கட்டிக்கொள்ள, முன்னால் சேவலின் கொண்டையில் இருந்த ஒவ்வொரு சுருக்கமும், அதன் கண்ணுக்குள் தெரிந்த மண்டப விளக்கும்கூட அவ்வளவு தெளிவாக விழுந்துவிட்டன. போதாக்குறைக்கு, மூன்றாவது முடிச்சு விழும்போது அது கூவியும்விட்டது.

மாமா: பெண் வீட்டார் பணத்தைத் திருப்பிக் கேட்டார்களா?

கதிரவன்: முருகனே கொடியை அனுப்பி ஆசி வழங்கியதாகச் சொல்லி, அந்தக் காட்சியை மட்டும் தனியாக வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். தோட்டம் முழுக்க எல்லார் கைப்பேசியிலும் அதுதான் ஓடுகிறது.

(கதிரவனின் கைப்பேசி ஒலிக்கிறது. மாமா ஒலிபெருக்கியை இயக்கும்படி சைகை காட்டுகிறார். புக்கிட் ரோத்தானிலிருந்து ஒரு பெண்மணி பேசுகிறார். மகளுக்கு ஆவணியில் கல்யாணமாம். தம்பியின் பெயர் தெரியாதாம். யாரோ கொடுத்த அட்டையில் நீளமாக ஏதோ அச்சிட்டிருந்ததாம், அதுவும் தொலைந்துவிட்டதாம். "சேவல் வீடியோக்காரர்" என்று சொன்னவுடனே மூன்று பேர் எண்ணைக் கொடுத்தார்களாம்.)

கதிரவன்: (தொலைபேசியில்) ஆமாம், அம்மா. சேவல் வீடியோதான் பேசுகிறேன். தேதியைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

(அவன் தேதியைக் குறித்து முடிப்பதற்குள், மாமா பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் ஒரு கொண்டையை வரைந்துவிடுகிறார்.)

மாமா: எஸ், ஈ, வி, ஏ, எல். கோடாக்கைப்போல ஐந்தே எழுத்துகள். கீழே தமிழிலும் எழுதிவிடலாம். என்ன தொழில் என்பதை மலாயில் பெரிதாகவே போட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நகராண்மைக் கழகத்தில் பலகைக்கு உரிமம் தர மாட்டார்கள்.

கதிரவன்: எண்கணிதம் பார்க்கிற அண்ணன், எந்தப் பெயராக இருந்தாலும் ஆறு எழுத்துகள் வரும்படி வைக்கச் சொன்னார், மாமா. எஸ் என்ற எழுத்துக்குப் பதிலாக சி, எச் என்று தொடங்கலாமா? (கைப்பேசியில் தட்டிப் பார்க்கிறான்) ஐயோ, அப்படி எழுதினால் பிரெஞ்சு மொழியில் குதிரை என்று பொருளாம்.

மாமா: வைத்துக்கொள். பிரெஞ்சுக்காரர் தென்னமரத்தில் செம்பனை நட்டார். நீ குதிரை என்று எழுதிச் சேவல் படம் போடு. எனக்கு ஓர் எழுத்து கூடும், 15 வெள்ளி இலாபம்.

கதிரவன்: வேண்டாம், ஐந்தெழுத்தே இருக்கட்டும். 75 வெள்ளிதானே?

மாமா: எழுத்துகள் ஐந்துக்கும் சேர்த்து 75. சேவல் படத்துக்குக் கொண்டை, அலகு, வால் என்று தனித்தனிக் கணக்கு இருக்கிறது.

(கைப்பேசி மீண்டும் ஒலிக்கிறது. அதே பெண்மணிதான், ஒன்று கேட்க மறந்துவிட்டாராம். வருகிறபோது அந்தச் சேவலையும் அழைத்து வருவீர்களா, அதற்குக் கட்டணம் தனியா என்கிறார். கதிரவன் கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு மாமாவைப் பார்க்கிறான்.)

மாமா: அது போன வாரமே முனீஸ்வரர் பூசைக்குப் போய்விட்டது. நீயும் நானும் இரண்டு துண்டு சாப்பிட்டோமே, மறந்துவிட்டாயா?

கதிரவன்: (தொலைபேசியில், மிகுந்த பணிவுடன்) அந்தச் சேவல் இப்போது கோயில் வேலையில் சேர்ந்துவிட்டது, அம்மா. உங்களுக்கு வேறொன்றைப் பழக்கிக் கொண்டுவருகிறேன்.