வாளியில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் என் மரமீன்

ஒன்பது நாள். பெரிய மீனை ஏமாற்றிப் பிடிக்கத் தூண்டிலில் மாட்டும் பொய் மீன்தான் லூர். விரல் நீளத்தில் அப்படி ஒரு மரமீன் செய்ய ஒன்பது நாள் ஆனது. அது இப்போது வாளித் தண்ணீரில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, நான் வரைந்த ஒற்றைக் கண்ணால் என்னையே முறைத்துப் பார்க்கிறது.

"தூண்டிலுக்கு லூரை எதற்குக் கடையில் வாங்குகிறாய்? வீட்டிலேயே செய்யலாமே, பொழுதுபோக்கு மாதிரி!" என்று சொன்ன அத்தனை பேரும் இந்த வாளிப் பக்கம் கொஞ்சம் வந்து போகட்டும். வீடியோக்களில் கத்தி மரத்தைச் சீவும், சுருள் சுருளாகத் தூள் விழும், அடுத்த காட்சியில் பளபளவென்று ஒரு மீன் தொங்கும். நடுவே கத்தரித்துப் போட்டார்களே ஒன்பது நாள், அதைத்தான் நான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

முதல் பிரச்சினை மரம். பல்சா லேசான மரம், செதுக்க எளிது, அதெல்லாம் சரி. ஆனால் எல்லாப் பல்சாவும் ஒரே எடை இல்லை. ஒரு கட்டை இன்னொன்றைப் போல இரண்டு மடங்குகூட இருக்கும். "வயிற்றில் 3 கிராம் ஈயம் வையுங்கள்" என்று கூசாமல் சொல்கிறார்களே, எந்தக் கட்டைக்கு? நான் ஒரே அளவில் இரண்டு செய்தேன், இரண்டுக்கும் ஒரே ஈயம். ஒன்று தக்கை மாதிரி மிதந்தது, இன்னொன்று கல் மாதிரி போய் அடியில் உட்கார்ந்தது.

அடுத்து அந்த உதடு. மூக்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் தகடு. இழுக்கும்போது தண்ணீர் அதில் மோதித்தான் லூர் ஆடும், கீழே இறங்கும். அது ஒரு இழை கோணலாக இருந்தாலும் மொத்தமும் பக்கவாட்டில் சுழலும். அதை நேராக வைக்க வழி இருக்கிறது. கட்டை இன்னும் செவ்வகமாக, விளிம்புகள் நேராக இருக்கும்போதே உதட்டுக்கான வெட்டைப் போட்டுவிட வேண்டும். உருட்டிச் செதுக்கிய பிறகு எது நேர், எது கோணல் என்று கண்டுபிடிக்கவே முடியாது. இந்த ஒரு வரியை யாராவது சொன்னார்களா? மூன்று உடல்களை உருட்டி, உப்புத்தாள் போட்டு மெருகேற்றி, ரம்பத்தை வைத்துக் கெடுத்த பிறகு நானாகத் தெரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். என் வயிறு எரிவது எபாக்ஸியால்தான், பிசினையும் கடினமாக்கியையும் சொன்ன அளவில் கலந்தால் இறுகும் ஒட்டுப்பிசின்.

பாருங்கள், மரம் செதுக்கியாயிற்று, கம்பி நுழைத்தாயிற்று, ஈயம் வைத்து மூடியாயிற்று, வலைத்துணியைப் போர்த்தி ஏர்பிரஷால் செதில் செதிலாக வண்ணம் அடித்தாயிற்று. அழகென்றால் அப்படி ஒரு அழகு. இனி மேல்பூச்சு ஒன்றுதான் பாக்கி. அங்கேதான் அந்த ஒட்டுப்பிசின் தன் வேலையைக் காட்டும். வேகமாகக் கலக்கினால் குமிழி, மெதுவாகக் கலக்கினால் சரியாகக் கலக்காமல் அங்கங்கே பிசுபிசுப்பு. சம அளவு என்றால் கன அளவா, எடையா? பலவற்றில் பிசினும் கடினமாக்கியும் ஒரே அடர்த்தி இல்லை. கன அளவில் சமமாக எடுக்க வேண்டியதைத் தராசில் வைத்துச் சமமாக எடுத்தால் தொலைந்தது. நான் தராசில் வைத்தேன். நான்கு நாள் கழித்தும் விரல் ஒட்டியது.

ஐந்து நிமிட எபாக்ஸி இருக்கிறதே, வாலில் தொடங்கித் தலைக்கு வருவதற்குள் தூரிகையில் நூல் நூலாக இழுக்க ஆரம்பிக்கும். மெதுவாக இறுகும் வகையை எடுத்தால் அது வழிந்து வயிற்றில் கொப்புளமாகத் தொங்கும். தொங்காமல் இருக்க மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு மெதுவாகச் சுற்றும் மோட்டார் ஒன்று வேண்டும். ஆக, லூர் செய்வதற்கு முன்னால் லூரைச் சுற்றும் இயந்திரம் செய்ய வேண்டும்! ஒருமுறை எல்லாம் சரியாக அமைந்தது. பூசிவிட்டு விளக்கடியில் பார்த்தால், முதுகில் பொட்டுப் பொட்டாகப் பூச்சு விலகி நின்றது. என் விரலில் இருந்த எண்ணெய்ப் பசை. இன்னொரு முறை மார்க்கர் பேனாவால் போட்ட கோடுகள் எபாக்ஸி பட்டதும் கரைந்து, புலிக்கோடு போட்ட மீன் அழுது முடித்த முகம் மாதிரி ஆகிவிட்டது.

இதை எங்கே சொன்னாலும் ரபாலா கதையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். லூருக்குப் பெயர்போன பின்லாந்தின் லாரி ரபாலா 1936-ல் செருப்புத் தைப்பவரின் கத்தியால் கார்க்கைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தகட்டை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கி மேலே பூசினாராம், உனக்கு என்ன கேடு என்று. ஐயா, அவர் மீன்பிடித்தே பிழைத்தவர். காயம்பட்ட சின்ன மீன் தள்ளாடுவதையும் கூட்டத்தில் அதை மட்டும் பெரிய மீன் குறிவைப்பதையும் ஏரியில் கண்ணால் பார்த்தவர். நான் வாளியில் பார்க்கிறேன்.

சரி, ஒன்று ஒழுங்காக அமைந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் இடப்பக்கமாக ஓடியது. மூக்கில் தூண்டில் நரம்பு கட்டும் கம்பி வளையத்தை இடுக்கியால் வலப்பக்கம் மயிரிழை வளைத்தேன். அவ்வளவுதான்! அடுத்த இழுப்பில் நேராக, இடுப்பை ஆட்டி ஆட்டி வந்ததே ஒரு வருகை. கரையில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன்.

நான்காவது வீச்சில் அது மூழ்கிக் கிடந்த மரக்கிளையில் மாட்டியது. இடமாக இழுத்தேன், வலமாக இழுத்தேன், முழங்கால் தண்ணீர் வரை இறங்கியும் இழுத்தேன். டப்பென்று விட்டது. கோணல் வாய், கொப்புள வயிறு, அழுத முகம் எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன, நன்றாக நீந்திய ஒன்றைத் தவிர. நரம்பை இழுத்துப் பார்த்தால் நுனியில் சுருட்டை. அறுபடவில்லை, அவிழ்ந்திருக்கிறது. முடிச்சும் நான் போட்டதுதான்.