ஜிபியு மெம் 512 வைத்தால் கிராபிக்ஸ் வேகம் கூடாது

"ராஸ்பெர்ரி பை 4-இல் கேம் திக்குகிறதா? கான்ஃபிக் (அமைப்புகள்) கோப்பில் ஜிபியு மெம் மதிப்பை 512 ஆக்குங்கள், வேகம் இரட்டிப்பாகும்" என்ற குறிப்பு, ராஸ்பெர்ரி பை எனும் சிறிய ஒற்றைப் பலகைக் கணினியைப் பயன்படுத்துவோரிடையே பகிரப்படுகிறது. இது தவறு. ஜிபியு மெம் என்பது கிராபிக்ஸ் சிப்பான ஜிபியுவுக்கென்று ராமில் ஒதுக்கிவைக்கும் இடத்தின் அளவு.

பழைய மாடல்களில் அந்த மதிப்புக்கு வேலை இருந்தது. 2019-இல் வந்த பை 4-இல், ஜிபியுவின் முப்பரிமாணப் படம் வரையும் பகுதிக்குத் தனி நினைவக மேலாண்மை அலகு உண்டு. தேவையான இடத்தை அது லினக்ஸ் இயங்குதளத்திடமிருந்தே அவ்வப்போது வாங்கிக்கொள்கிறது. ஜிபியு மெம் ஒதுக்கீட்டை அது தொடுவதே இல்லை. 512 எம்பி என்று எழுதினால் அவ்வளவு ராமும் லினக்ஸின் கையைவிட்டுப் போகும். 1 ஜிபி போர்டில் பாதி ராம் பறிபோகும்! இயல்பான 76 எம்பியே போதும்; கேமராவுக்குத்தான் சில சமயம் கூடுதலாகத் தேவைப்படும். பை 5-இல் இந்த வரிக்கு எந்த விளைவும் கிடையாது.

உண்மையில் பார்க்க வேண்டியது வேறு. டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ (glxinfo) கட்டளையை ஓட்டி, படத்தை வரைவது எது என்று காட்டும் ரெண்டரர் வரியைப் படியுங்கள். வி3டி (V3D, பையின் ஜிபியு) என்று இருந்தால் சரி. எல்எல்விஎம்பைப் (llvmpipe) என்று வந்தால் படம் முழுவதையும் சிபியுதான் வரைகிறது. கான்ஃபிக்கில் ஜிபியு டிரைவரை ஏற்றும் கேஎம்எஸ் (KMS) ஓவர்லே வரி அழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து வெப்பம். 80 டிகிரி செல்சியஸில் சிபியு வேகம் குறையத் தொடங்கும், 85-ஐத் தாண்டினால் ஜிபியுவும் சேர்ந்து குறையும். ஹீட்சிங்க்கும் சின்ன ஃபேனும், 5 வோல்ட் 3 ஆம்பியர் தரும் நல்ல அடாப்டரும் அவசியம். 4கே திரையை 1080பி-க்கு இறக்கினால் வரைய வேண்டிய பிக்சல்கள் நான்கில் ஒரு பங்காகும்; காசு செலவில்லாத வழிகளில் இதுவே மிகுந்த பலன் தரும்.