தராசில் ஏற்றாமல் எஞ்சின் வாங்காதீர்கள்

“உங்கள் படகுக்கு 40 குதிரைவலு தாராளமாகப் பொருந்தும், 50 கூடப் பூட்டலாம்” என்று கடைக்காரர் சொன்னபோது அவர் என் படகைப் பார்த்திருக்கவே இல்லை. கைபேசியில் நான் நீட்டிய படத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. 14 அடி நீளம், முன்பு 35 குதிரைவலு எஞ்சின் பூட்டியிருந்தது. இந்த இரண்டு விவரமும் அவருக்குப் போதும். 35 இப்போது கடைகளில் கிடைப்பது அரிது, ஆகவே 40. அன்று அவரிடம் விற்காமல் நின்றதும் 40தான் என்பது தற்செயல் என்று நம்பும் அளவுக்கு நான் நல்லவன் அல்ல.

படகு 1957ஆம் ஆண்டு ஒன்ராறியோவின் பீற்றர்பரோவில் கட்டியது. ஓடம் கட்டுவதற்குப் பெயர்போன ஊர். வளைத்த விலாக்கட்டைகளின் மேல் மெல்லிய சீடார் மரக் கீற்றுகளை ஒன்றோடொன்று நெருக்கி ஆணியடித்துக் கட்டுவார்கள். உள்ளே குனிந்து பார்த்தால் கூடை முடைந்ததுபோல இருக்கும். ஊரின் பெயரையே தாங்கிய பீற்றர்பரோ கனூ கம்பெனி 1961இல் மூடப்பட்டது. அலுமினியமும் ஃபைபர்கிளாசும் வந்தபின் இவ்வளவு கைவேலைக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

படகோடு வந்தது அதே வயதுடைய ஜோன்சன் எஞ்சின். 24 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலக்க வேண்டும். தாங்கியிலிருந்து ஒரு குழாய் அல்ல, இரண்டு குழாய்கள் போகும்: ஒன்றின் வழியாக எஞ்சின் தாங்கிக்குள் காற்றை அழுத்தும், மற்றதன் வழியாகப் பெற்றோல் ஏறி வரும். ஆறு கோடைகள் அதனுடன் மல்லுக்கட்டினேன். வெடித்த கொயிலை மாற்றினேன், கரைந்துபோன ரப்பர் குழாய்களை மாற்றினேன். போன ஆண்டு புரட்டாதியில் கியர் பெட்டியின் அடித் திருகைக் கழற்றியபோது எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் வழிந்தது. தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அதையும் சரிசெய்யலாம்தான். ஆனால் ஏரியின் நடுவில், இரண்டு பிள்ளைகளும் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்க, கயிற்றை இருபதாம் முறை இழுத்த அந்த மாலைக்குப் பிறகு, பழமையின் மேல் எனக்கிருந்த பக்தி கொஞ்சம் குறைந்துவிட்டது.

புது எஞ்சின் தேடத் தொடங்குமுன் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், பழையதை நிறுத்துப் பார்த்ததுதான். மகனும் நானும் அதைக் கழற்றிக் கராஜுக்குத் தூக்கி வந்தோம். குளியலறைத் தராசின் மேல் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் எஞ்சினை நிமிர்த்தி, சாயாமல் இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டோம். 61 கிலோ.

இன்று விற்கும் 40 குதிரைவலு நான்கு ஸ்ரோக் எஞ்சின்களின் எடை என்ன தெரியுமா? பெரும்பாலான கம்பெனிகளின் தாள்களில் ஏறக்குறைய 95 கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். வால்வுகள், கேம் தண்டு, எண்ணெய்த் தொட்டி என்று, என் ஜோன்சன் போலப் பெற்றோலிலேயே எண்ணெய் கலந்து ஓடும் இரண்டு ஸ்ரோக்கில் இல்லாத எல்லாம் இதில் இருக்கின்றன. 34 கிலோ வித்தியாசம். பத்து வயதுப் பிள்ளை ஒன்றை, எஞ்சினைப் பூட்டும் பின்பலகையின் வெளிப்பக்கம் நிரந்தரமாகத் தொங்கவிட்டு ஓடுவதற்குச் சமம். எஞ்சினைச் சுழற்றப் பெரிய பற்றரி வேறு வேண்டும். அதையும் எங்கே வைப்பார்கள்? பின்னால்தான்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. அந்தக் காலப் படகுகளின் பின்பலகை பெரும்பாலும் 15 அங்குல உயரத்துக்கு வெட்டியது. இப்போதைய படகுகளுக்கு 20 அங்குலம். கடைகளில் வரிசையாக நிற்கும் எஞ்சின்களும் அதற்கேற்ற நீண்ட தண்டு கொண்டவையே. ஐந்து அங்குலம் என்பது காகிதத்தில் சின்ன எண். ஆனால் வேகமாக ஓடிவந்து சட்டென்று திரொட்டிலைக் குறைத்துப் பாருங்கள். படகு அமர்ந்துவிடும், அது எழுப்பிய அலை மட்டும் நிற்காமல் பின்னாலேயே வரும். பின்புறம் ஏற்கெனவே பாரத்தில் தாழ்ந்திருந்தால் அந்த அலை நேரே உள்ளே ஏறும். நண்பர் ஒருவருடைய படகில் இதைக் கண்ணால் பார்த்தேன். இறங்குதுறைக்குப் பத்து மீற்றர் தூரத்தில், சிரித்துப் பேசிக்கொண்டே வேகத்தைக் குறைத்தார். அடுத்த நொடி கணுக்கால் வரை தண்ணீர், மிதந்த செருப்புகள், ஒரு பொரித்த கோழிப் பெட்டி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் பூட்டியிருந்தது, எல்லோரும் வியந்து பாராட்டிய புத்தம்புது எஞ்சின்.

“எடைக்காகச் சின்ன எஞ்சின் பூட்டினால் வேகம் போய்விடுமே” என்பார்கள். முதலில், பழைய 35ஐயும் புதிய 35ஐயும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அந்த நாட்களில் குதிரைவலுவை எஞ்சினுக்குள்ளேயே சுழலும் கிராங்க் தண்டில் அளந்தார்கள். 1980களில்தான் புரொப்பெல்லர் தண்டில் அளக்கும் வழக்கம் வந்தது. இடையிலுள்ள கியர்கள் தின்பதைக் கழித்தால் பழைய 35 இன்றைய கணக்கில் 30ஐ ஒட்டித்தான் வரும். அடுத்து, இந்த மாதிரி நீரின் மேல் எழுந்து ஓடும் படகுகளில் வலுவை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பாகாது, ஏறக்குறைய 1.4 மடங்குதான் ஆகும். கடைசி சில கிலோமீற்றர் வேகத்துக்காகத்தான் அத்தனை பணமும் அத்தனை பாரமும். அறுபது வயதுக்கு மேற்பட்ட மஹோகனிப் பின்பலகை அந்தத் தள்ளலைத் தாங்குமா என்று கடைக்காரர் கேட்கவில்லை. நான் ஊசியால் குத்திப் பார்த்தேன். வடிகால் துளையைச் சுற்றி மூன்று விரல் அகலத்துக்கு மரம் நனைந்த பாண்போல இருந்தது. அதை வெட்டி எறிந்து புதுத் துண்டு வைக்க ஒரு மாதம் போனது.

மறுபக்கம் பழமைவாதிகள். அவர்களுக்குப் புது எஞ்சின் என்ற பேச்சே பாவம். எடை குறைந்த இரண்டு ஸ்ரோக் ஒன்றைப் பழைய சந்தையில் தேடி எடு என்பார்கள். அவர்களுடைய வாதத்தில் பாதி உண்மை: எடுத்த எடுப்பில் இழுக்கும் இழுவையில் அதை வெல்ல முடியாது. ஆனால் அந்தக் கார்புரேட்டர் எஞ்சின்கள் குடிக்கும் பெற்றோலில் கால்பங்கு வரை எரியாமலே தண்ணீருக்குள் போகிறது. இரவில் லூன் பறவை கூவும் ஏரியில், காலையில் என் இறங்குதுறையைச் சுற்றி வானவில் நிறப் படலம் மிதப்பதைப் பார்த்துவிட்டு எனக்குத் தேநீர் இறங்குவதில்லை. மின்சார எஞ்சினையும் பார்த்தேன். சாவகாசமாக மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு அருமை. இந்தப் படகை நாள் முழுக்க வேகமாக ஓட்டும் அளவுக்குப் பற்றரி ஏற்றினால் எடைக் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஆகவே நான் வாங்கியது 25. யமஹா, இரண்டு சிலிண்டர், குட்டைத் தண்டு, எலெக்ட்ரிக் ஸ்ராற்றர் சேர்த்தும் 60 கிலோ அளவில்தான். பற்றரியையும் பெற்றோல் தாங்கியையும் முன் ஆசனத்தின் கீழ் கொண்டுபோய் வைத்தேன். ஸ்ரியரிங்குக்குச் செலவானதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. 1957இல் சில்லின் பின்னால் ஒரு உருளை, அதில் சுற்றிய கம்பிக் கயிறு, படகின் இரு ஓரமும் கப்பிகள், இழுவைக்கு ஸ்பிரிங்குகள், அவ்வளவுதான். அதைப் புது எஞ்சினோடு பூட்ட எனக்குத் துணிவில்லை. ஒற்றைக் கேபிள் போட்டேன்.

பருத்தித்துறையில் இருக்கும் மாமாவுக்கு வீடியோ அழைப்பில் இதையெல்லாம் காட்டினேன். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினின் கைபிடியைப் பிடித்தபடி கடலில் பாதி ஆயுளைக் கழித்தவர். படகின் அழகை ஒரு சொல் பாராட்டவில்லை. “முன்னுக்கு இருந்து கார் ஓட்டுவது மாதிரி ஓட்டுகிறாயா தம்பி? புரொப்பெல்லரில் வலை சுற்றினால் யார் பார்ப்பது?” என்றார். இங்கே வலை இல்லை மாமா என்றேன். “பிறகு எதற்குப் படகு?” என்றார். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

கடையில் தந்த புரொப்பெல்லருடன் எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5,100 சுற்றைத் தாண்டவில்லை. அது 5,000இலிருந்து 6,000 வரை ஓட வேண்டியது, அதுவும் நான் தனியாக இருக்கும்போது அதன் மேல் பாதியை எட்ட வேண்டும். பிட்ச், அதாவது ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறும் கணக்குத் தூரம், இரண்டு அங்குலம் குறைந்த ஒன்றை மாற்றியதும் 5,500 வந்தது. ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 43 கிலோமீற்றர். ஜோன்சனில், அதன் நல்ல நாளில், 48. நீர்ச்சறுக்குப் பலகையில் ஆளை வைத்து இழுக்க இனி முடியாது என்பதை மகன் ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைவுபடுத்துகிறான். ஆனால் பின்பலகை, நீர்மட்டத்தில் நான் முன்பு பென்சிலால் போட்ட கோட்டைவிட ஒரு விரல்கூட இறங்கவில்லை.

ஜோன்சன் கராஜில் மரத்தாங்கியில் நிற்கிறது. விற்கப்போவதில்லை, விலை கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள்.