'முதல் பக்கம் கேரண்டி' என்பவருக்கு மாசச் சம்பளம் கொடுக்காதீர்கள்

"மூணே மாசத்துல கூகுள் முதல் பக்கம், வரலைன்னா பணம் வாபஸ்." கோவையில் ஒரு லேத் பட்டறையோ பம்ப் கம்பெனியோ வைத்து, அதற்கு ஒரு வெப்சைட்டும் போட்டுவிட்டால் போதும். இந்த வாட்ஸப் மெசேஜ் தேடிக்கொண்டு வந்துவிடும். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் நான் வெப்சைட் செய்து கொடுக்கும் முதலாளிகளில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது இந்தப் பேக்கேஜில் பணம் கட்டியவர்கள். இது தேவையில்லாத செலவு என்பது என் கருத்து. இதே தொழிலில் இருப்பவன் சொல்கிறேன், திட்ட நினைப்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. இதை நான் சொல்லவில்லை, எஸ்.இ.ஓ. (கூகுள் தேடலில் சைட்டை மேலே கொண்டுவரும் வேலை) ஆளை வேலைக்கு எடுப்பது பற்றி கூகுளே எழுதி வைத்திருக்கும் பக்கத்தில் இருக்கிறது. செய்த வேலைக்குப் பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும் என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அப்படியிருக்க, மூன்று மாத கேரண்டி எப்படிக் கொடுக்கிறார்கள்?

ரொம்பச் சுலபம். யாருமே தேடாத வார்த்தையை எடுத்துக்கொள்வார்கள். 'பெஸ்ட் ஐஎஸ்ஓ சர்ட்டிஃபைடு சப்மெர்சிபிள் பம்ப் மேனுஃபேக்சரர் இன் ஆவாரம்பாளையம் கோயம்புத்தூர்' என்று டைப் செய்து எந்த விவசாயியும் மோட்டார் வாங்குவதில்லை. போட்டிக்கு ஆள் இல்லாததால் அதில் நம் சைட் தானாக முதலில் வரும். மாசக் கடைசியில் ஒரு எக்செல் ஷீட் வரும். முப்பது வார்த்தை, எல்லாம் பச்சைக் கலர், எல்லாம் ஒன்றாவது இடம். அதில் நாலைந்து, கம்பெனியின் பெயரேதான். உங்கள் பெயரைப் போட்டுத் தேடினால் நீங்கள் வராமல் பக்கத்துக் கடைக்காரரா வருவார்?

முதலாளி தன் போனில் தேடிப் பார்த்தாலும் முதலில் வருகிறதே என்று கேட்கலாம். தினமும் அதே போனில் அதே சைட்டைத் திறந்து பார்க்கிறார், உட்கார்ந்திருப்பதும் அதே கடையில். தேடும் இடத்தையும் பழைய தேடல்களையும் பொறுத்து ரிசல்ட் மாறும். தாராபுரத்தில் இருக்கிற ஒருவர் போனில் என்ன வருகிறது என்பது வேறு கதை. அதைத் தெரிந்துகொள்ள சர்ச் கன்சோல் என்று கூகுளே இலவசமாக ஒன்று கொடுக்கிறது. எந்த வார்த்தைக்கு உங்கள் சைட் எத்தனை தடவை கண்ணில் பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதக் கணக்கு வரை அதில் பார்க்கலாம். பேக்கேஜ் ஆட்கள் இதை மட்டும் காட்டவே மாட்டார்கள்.

சரி, அப்போ என்னதான் செய்வது?

ஆவாரம்பாளையத்தில் ஒரு பம்ப் கடை. சைட் முழுக்க இங்கிலீஷ், 'வீ ஆர் ஒன் ஆஃப் தி லீடிங்' என்று ஆரம்பித்து 'குவாலிட்டி', 'கஸ்டமர் சாட்டிஸ்ஃபேக்ஷன்' என்று போகும். இந்த ஊரில் எந்தக் கம்பெனி சைட்டைத் திறந்தாலும் இதே வரிகள்தான். பெயரையும் லோகோவையும் மாற்றினால் கிரைண்டர் கம்பெனிக்கும் பொருந்தும், ஃபவுண்டரிக்கும் பொருந்தும். கூகுளுக்கு இதில் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

அந்தக் கடைக் கவுண்டரில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். நான் போயிருந்தபோது போன் வந்தது. "ஏனுங்க, ஐநூறு அடி போருக்கு எத்தனை எச்.பி. மோட்டார் போடோணும்?" பெரியவர் எச்.பி. சொல்லவே இல்லை, திருப்பிக் கேட்டார். "போர் ஐநூறு அடி சரீங்க, தண்ணி எத்தனையாவது அடியில நிக்குது? மோட்டார் ஓடுனா எவ்வளவு எறங்குது? போர் நாலு இஞ்சா ஆறரையா? லைன் சிங்கிள் பேஸா திரீ பேஸா? தண்ணியைத் தொட்டில விடறீங்களா, மேட்டுக் காட்டுக்கு ஏத்தறீங்களா?" அந்தப் பக்கம் இருந்தவர் பாதிக்குப் பதில் தெரியாமல், பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.

பெரியவரிடம் கேட்டேன், எதற்கு இத்தனை கேள்வி என்று. போரின் ஆழம் மோட்டாருக்குக் கணக்கே இல்லை, மோட்டார் ஓடும்போது தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்து விடுகிற இடம் வரைக்கும் எவ்வளவு உயரம் என்பதுதான் கணக்கு, அதற்குத் தகுந்த மாதிரித்தான் பம்புக்குள் எத்தனை ஸ்டேஜ் (அடுக்கு) என்பது என்றார். ஐநூறு அடி என்று கேட்டதும் பெரிய மோட்டாரை எடுத்துத் தலையில் கட்டுகிற கடைகள் உண்டு, தண்ணீர் இருநூறு அடியில் நின்றால் அது வீண் செலவு, கரண்ட்டும் வீண் என்றார். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற ஊர் என்றால் மோட்டார் அதிக ஆம்ப்ஸ் இழுத்துச் சூடாகும், திரீ பேஸில் ஒரு பேஸ் போய்விட்டால் காயில் எரிந்துவிடும், அதனால் அந்த நேரத்தில் மோட்டாரை நிறுத்திவிடும் பிரிவென்டர் இல்லாமல் தரமாட்டேன் என்றார். இதெல்லாம் பத்து நிமிஷப் பேச்சு.

அந்தப் பத்து நிமிஷம்தான் அந்தக் கடைக்கு எஸ்.இ.ஓ. அதில் ஒரு வரி கூட சைட்டில் இல்லை!

'500 அடி போருக்கு எத்தனை எச்.பி. மோட்டார்', 'மோட்டார் ஓடுது தண்ணி வரல', 'மோட்டார் அடிக்கடி ட்ரிப் ஆகுது' என்றுதான் ஜனங்கள் தேடுகிறார்கள். தமிழ் எழுத்திலும் தேடுவார்கள், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தும் தேடுவார்கள், மைக்கை அமுக்கி வாயால் சொல்லியும் தேடுவார்கள். கடைக்கு வரும் போன் கேள்விகளை ஒரு மாதம் நோட்டில் எழுதி வையுங்கள். கூகுளில் பாதிக் கேள்வியை அடித்து, கீழே அதுவே என்னென்ன எடுத்துக் கொடுக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம், உங்கள் கடையின் பதிலோடு. தமிழில் ஒன்று, ஆர்டர் வெளி மாநிலத்திலிருந்தும் வரும் என்றால் இங்கிலீஷில் தனி முகவரியில் இன்னொன்று. ஒரே பக்கத்தை மெஷினில் போட்டு மொழிபெயர்த்து ஒட்டுவது வேண்டாம்.

எழுதித் தாருங்கள் என்று கேட்டால் எந்த முதலாளியும் தரமாட்டார். வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள், காரில் போகும்போது இருபது நிமிஷம் பேசுவார். உட்கார்ந்து அதை டைப் செய்வது நம் வேலை. அந்தப் பெரியவரிடம் அப்படித்தான் வாங்கினேன். பக்கங்கள் மெதுவாகத்தான் மேலே வந்தன, ஒரே நாளில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் இப்போது போன் செய்பவர்களில் பலர் தண்ணீர் மட்டத்தையும் போர் சைஸையும் தாங்களே சொல்லிவிட்டு விலை கேட்கிறார்கள். முதலாளிக்கு எத்தனையாவது இடம் என்று கேட்கும் பழக்கமே விட்டுப்போய்விட்டது.

இந்த இடத்தில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊர் டிசைனர்கள் ஃப்ளெக்ஸுக்கும் நோட்டீஸுக்கும் இன்னும் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில்தான் அடிக்கிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், அடியில் இருப்பதோ ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த கூளம். அதை அப்படியே சைட்டில் ஏற்றினால் தேடுபொறிக்கு அது தமிழே இல்லை. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் தமிழ்ப் பக்கத்தைப் பிரஸ்ஸில் கொடுத்து ஜேபெக் படமாக வாங்கி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். படத்துக்குள் கிடக்கிற எழுத்தை கூகுள் படித்துக்கொள்ளும் என்று நம்பி உட்காராதீர்கள்.

அடுத்தது பேக்லிங்க் வியாபாரம். ஒரு சைட்டுக்கு மற்ற சைட்டுகள் கொடுக்கிற இணைப்பை ஒரு வகை ஓட்டாக எடுத்துக்கொள்வதுதான் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் போட்ட அடிப்படைக் கணக்கு, 1998-இல் கூகுள் கம்பெனி ஆனதே அதன் மேல்தான். ஓட்டு என்று ஆனபிறகு அதை விலைக்கு வாங்க ஆள் வராமல் இருப்பார்களா, நமக்குத் தெரியாததா இது! ஆயிரம் லிங்க் இவ்வளவு ரூபாய் என்று இன்றைக்கும் விற்கிறார்கள். அந்த லிங்க்குகள் எங்கே இருக்கின்றன என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். ரஷ்ய மொழிச் சூதாட்ட சைட், ஆளில்லாத டைரக்டரி, யாரோ ஒருவரின் சமையல் பக்கத்தின் கமெண்ட். நம் பம்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 2012 ஏப்ரலில் தேடல் வரிசைக் கணக்கில் பெங்குவின் என்ற மாற்றத்தை கூகுள் கொண்டுவந்ததே இந்த ஆட்களை அடக்கத்தான். அதற்கும் முந்தைய வருடம் ஜே.சி.பென்னி என்ற அமெரிக்காவின் பெரிய கடைச் சங்கிலி, சம்பந்தமில்லாத சைட்டுகளில் கிடந்த லிங்க்குகளால் பண்டிகை சீசன் முழுக்க மேலே இருந்து, நியூயார்க் டைம்ஸில் விஷயம் வெளிவந்ததும் கீழே தள்ளப்பட்டது. 2006-இல் பி.எம்.டபிள்யூவின் ஜெர்மன் சைட்டையே கூகுள் சில நாள் தேடலிலிருந்து தூக்கிவிட்டது. கூகுளுக்கு ஒரு பக்கம், ஜனங்களுக்கு ஒரு பக்கம் என்று காட்டியதற்காக. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி.

இதில் 'டொமைன் அத்தாரிட்டி' நாற்பது, ஐம்பது என்று ஒரு நம்பர் சொல்வார்கள். அது மாஸ் (Moz) என்ற தனியார் கம்பெனி போடும் மார்க், கூகுளுடையது அல்ல. பக்கத்தின் கோடுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கீவேர்ட் மெட்டா டேக்கில் இருநூறு வார்த்தை நிரப்பிவிட்டு அதற்கும் பில் போடுகிறார்கள். வலைத் தேடலில் இடம் நிர்ணயிக்க அந்த டேக்கைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் சொன்னது 2009-இல்!

டெக்னிக்கல் வேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தடவை நன்றாகச் செய்ய வேண்டும், மாதாமாதம் பணம் கேட்கும் வேலை இல்லை அது. ஆயிரக்கணக்கான பொருள் விற்கும் ஆன்லைன் கடைக்கு நிரந்தரமாக ஆள் தேவைப்படலாம், அது வேறு. சின்னக் கம்பெனிகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் சைட்டைக் கட்டும்போது, தேடுபொறிகள் உள்ளே வர வேண்டாம் என்று ஒரு டிக் போட்டு வைப்பார்கள். வேலை முடிந்து லைவ் ஆனதும் அதை எடுக்க மறந்துவிடுவார்கள். கூகுளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே ரேங்கிங் பேக்கேஜ் நடந்துகொண்டிருக்கும். 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியைப் போட்டுத் தேடிப் பாருங்கள். எதுவுமே வராவிட்டால் முதல் சந்தேகம் அந்த டிக்தான்.

வேகம் பற்றியும் ரொம்பப் பயமுறுத்துகிறார்கள். பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. முகப்பில் ஓடும் ஐந்து ராட்சத ஸ்லைடர் படங்களை எடுத்துவிட்டு ஒரு படத்தைச் சுருக்கிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. வேகச் சோதனையில் நூற்றுக்கு நூறு மார்க் எடுத்துக் காட்டுகிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள். கஸ்டமருக்கு வேண்டியது பதில்.

இப்போது ஏ.ஐ. வந்த பிறகு பேக்கேஜிலும் புது ஐட்டம் சேர்ந்திருக்கிறது, 'மாசம் ஐம்பது ஆர்ட்டிகிள்'. அதே ஐம்பது ஆர்ட்டிகிளும் ஐம்பது கம்பெனிக்குப் போகும். ரேங்குக்காக மொத்தமாக உற்பத்தி செய்து கொட்டும் பக்கங்களை, மெஷின் எழுதினாலும் சரி, ஆள் எழுதினாலும் சரி, ஸ்பாம் என்று 2024 மார்ச்சில் கூகுள் விதியே போட்டுவிட்டது. இன்னொரு பக்கம், தேடினாலே மேலே ஏ.ஐ. பதில் வந்து நிற்பதால் சாதாரணக் கேள்விகளுக்கு யாரும் சைட்டுக்குள் வருவதில்லை என்ற புலம்பல் கேட்கிறது. அது உண்மையான கவலைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் மோட்டார் வாங்குபவர் பதிலைப் படித்துவிட்டுச் சும்மா போவதில்லை. யாராவது ஒரு கடைக்குப் போன் செய்தாக வேண்டும்.

உள்ளூர் வியாபாரம் என்றால் சைட்டுக்கும் முன்னால் மேப்பைக் கவனியுங்கள். கேட்டதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த கடை என்று மூன்றை வைத்துத்தான் மேப்பில் வரிசை என்கிறது கூகுள். தூரத்தை மாற்ற முடியாது. கடை வகை, நேரம், போன் நம்பர் சரியாக இருக்கட்டும், வேலை முடிந்த கஸ்டமரிடம் கூச்சப்படாமல் ரிவ்யூ கேளுங்கள். காசு கொடுத்து வாங்குவது விதிக்கு விரோதம், வாங்கினால் பார்த்தவுடனே தெரியும். ஒரே நாளில் இருபது ரிவ்யூ, அத்தனையும் ஐந்து ஸ்டார், எல்லாம் 'நைஸ் சர்வீஸ்'.

ஏற்கெனவே பேக்கேஜில் இருப்பவர்கள் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். சர்ச் கன்சோலிலும் மேப் கணக்கிலும் உங்கள் சொந்த ஜிமெயிலை ஓனராகச் சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் எல்லாம் ஏஜென்சியின் பெயரில்தான் இருக்கும், பேக்கேஜை நிறுத்தும் அன்றுதான் அது தெரியவரும். சாக்குச் சொன்னால் கெஞ்ச வேண்டியதில்லை. டொமைன் (சைட்டின் முகவரிப் பெயர்) உங்கள் கையில் இருந்தால் அதன் டிஎன்எஸ் செட்டிங்கில் ஒரே ஒரு வரி சேர்த்து, சர்ச் கன்சோலில் நீங்களே ஓனராகிக்கொள்ளலாம். டொமைனும் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது என்றால், ரேங்க் பேச்சை நிறுத்திவிட்டு அதை முதலில் வாங்கப் பாருங்கள். பில், பணம் கட்டிய ரசீது, பழைய மெயில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.