சங்கிலி வைத்தியமாம்

இரண்டு நாளாகச் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. அந்தக் காணொளி எது என்று எல்லோருக்கும் தெரியும், மறுபடி பகிரப் போவதில்லை. பஸ் ஸ்டாண்டில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நின்ற பையனைக் கம்பத்தில் கட்டினார்களே, அதைவிட அதன் கீழே நம் நண்பர் ஒருவர் எழுதியதுதான் என்னைக் குடைகிறது. "அந்தக் காலத்தில் நாலு மாசம் சங்கிலி போட்டால் தானாகத் தெளிந்துவிடும். இப்போது மாத்திரை கொடுத்தே கெடுக்கிறார்கள்." அதற்கு நூற்றுச் சொச்சம் லைக். அதில் என் சொந்தக்காரர்கள் ஆறு பேர்.

மனநோய்க்குக் கட்டிப் போடுவது வைத்தியம் இல்லை.

எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள் அண்ணே? 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி, மனநோய் தீரும் என்று தர்காவுக்குக் கூட்டி வருகிற ஊர். விடியற்காலையில் அங்கே மனநோயாளிகள் இருந்த காப்பகக் கொட்டகை தீப்பிடித்ததில் 28 பேர் செத்தார்கள். ஏன் ஓடவில்லை? உங்கள் வைத்தியம் காலில் பூட்டியிருந்தது. இத்தனைக்கும் 1987லேயே மனநலச் சட்டம் வந்தாயிற்று, உரிமம் இல்லாமல் இப்படி இடங்கள் நடத்தக் கூடாது என்று. சட்டமும் இருந்தது, சங்கிலியும் இருந்தது. எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்று சட்டத்தில் எழுதவே 2017 ஆகிவிட்டது.

உடனே "தர்காவைப் பேசுகிறான்" என்று வராதீர்கள். தொழுகிறவர் தொழட்டும், மந்திரிக்கிறவர் மந்திரிக்கட்டும். நான் பேசுவது பூட்டைப் பற்றி.

என் சின்ன மாமாவை மாட்டுக் கொட்டிலில் கட்டியிருந்தார்கள். எனக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவது என் வேலை. கிட்டே போகக் கூடாது என்று ஒரு தென்னை மட்டை கொடுத்திருந்தார்கள், தள்ளுவதற்கு. அவர் ஒருநாளும் அடிக்க வந்ததில்லை. "கணக்கு முடிச்சிட்டியாடே?" என்று கேட்பார். நாலு மாசம் இல்லை, இரண்டு வருஷம். தெளியவில்லை. கணுக்காலில் புண் வந்தது, அவ்வளவுதான்.

கிராம நர்ஸ் அக்கா ஒருவர் ஆச்சியிடம் சண்டை போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மாதம் ஒரு ஊசி, ராத்திரி மாத்திரை. எட்டாவது மாதம் மாமா தனியாக டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் படித்தார். பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் 1797இல் மனநோயாளிகளின் சங்கிலிகளைக் கழற்றியவர் டாக்டர் பினெல் என்று ஓவியமே வரைந்து வைத்திருக்கிறார்கள். உண்மையில் கழற்றியவர் பியூசேன், அங்கேயே ஒரு காலத்தில் நோயாளியாகக் கிடந்து, பிறகு வார்டைப் பார்த்துக்கொண்டவர். அதைப் படித்தபோது எனக்கு நர்ஸ் அக்கா முகம்தான் ஞாபகம் வந்தது.

"மாத்திரைக்குப் பக்கவிளைவு இல்லையா?" இருக்கிறது. மாமாவுக்குக் கை நடுங்கியது, உடம்பு பெருத்தது. சங்கிலியின் பக்கவிளைவைத்தான் மேலே சொன்னேனே.

"அடிக்க வருகிறவனை என்ன செய்ய?" நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். உடனடி ஆபத்து என்றால், வேறு வழியே இல்லை என்றால், மனநல மருத்துவர் அனுமதியோடு பிடித்து வைக்கச் சட்டமே இடம் தருகிறது. அந்த ஆபத்து தீரும்வரை மட்டும். பஸ் ஸ்டாண்டில் அந்தப் பையன் யாரை அடித்தான்? சொல்லுங்களேன்.

சென்னை கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி என்றாலே நமக்கு ஒரு சிரிப்பு வேறு. 1961இலிருந்து 1978 வரை அந்த ஆஸ்பத்திரிக்குத் தலைமை தாங்கிய சாரதா மேனன், ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். நமக்கு அந்தப் பெயர் தெரியாது, ஜோக் மட்டும் தெரியும்.

ஆச்சியைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பூட்டும்போதெல்லாம் அவள் அழுதாள், அவளுக்கு வேறு வழி தெரியாது. உங்கள் கையில் போன் இருக்கிறது.

லைக் போட்ட ஆறு பேரில் ஒருவன், பின்னாளில் அதே மாமாவிடம் கணக்கு படித்துப் பத்தாம் வகுப்பு தேறியவன். நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். லைக்கை எடுக்க வேண்டாம், இருக்கட்டும்.