பத்து மீட்டர் என்றால் பத்து மீட்டர்தான்

"கடின உழைப்புக்குக் குறுக்குவழி கிடையாது."

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த பொன்மொழி இது. போட்டவர், முந்தைய நாள் என்னோடு டிரையத்லானில், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் பந்தயத்தில், கலந்துகொண்டவர். உழைப்பாளி என்றே அவரை அழைக்கிறேன். கூடவே அவருடைய படம். கழுத்தில் பதக்கம், தோளில் மூன்றாம் பரிசாகக் கிடைத்த துண்டு, கண்ணை மூடி வானத்தைப் பார்க்கிறார். கண்ணை மூடிக்கொண்டு எப்படி வானத்தைப் பார்ப்பது என்று கேட்காதீர்கள், அவரால் எதுவும் முடியும். 43 பேர் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள். அதில் ஒரு விரல் என் மனைவியுடையது. கேட்டால், "பாவம், நல்ல மனிதர்" என்கிறாள்.

நல்ல மனிதர்தான். சைக்கிள் பகுதியின் 40 கிலோமீட்டரும் என் பின்சக்கரத்தை விட்டுப் பிரியாத பாசம் என் கூடப் பிறந்தவர்களுக்குக்கூடக் கிடையாது.

டிரையத்லானில் டிராஃப்டிங் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனின் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. முன்னால் போகிற முட்டாள் காற்றைக் கிழிக்கிறான். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற புத்திசாலி அந்த ஓட்டைக்குள் சொகுசாக வருகிறான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அதைத் தடுக்கத்தான் முன்சக்கரத்துக்கும் முன்சக்கரத்துக்கும் 10 மீட்டர் இடைவெளி என்ற விதி. அதற்குள் நுழைந்தால் 20 விநாடிக்குள் முந்திவிட வேண்டும். முடியாதவர் பின்வாங்க வேண்டும். ஒலிம்பிக்கில் ஒட்டி ஓட்டலாம், அங்கே அது தந்திரம். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில், 45 முதல் 49 வயதுப் பிரிவில், அது திருட்டு. விதிப்புத்தகத்தில் இருக்கிறது. பந்தயத்துக்கு முந்தைய நாள் விளக்கக் கூட்டத்தில் படம் போட்டே காட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர் யார் என்று நினைக்கிறீர்கள்?

முதல் சுற்றிலேயே எனக்குப் பின்னால் சங்கிலி ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்தேன். உழைப்பாளி. இடைவெளி அரை மீட்டர் இருக்கும். முந்தப் போகிறார் என்று இடப்பக்கம் ஒதுங்கினேன். அவரும் ஒதுங்கினார். வேகத்தைக் குறைத்தேன். குறைத்தார். எரிச்சலில் கூட்டினேன். கூட்டினார். தண்ணீர் குடித்தேன். அவரும் குடித்தார், ஐயா! தாகம்கூடவா என் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்?

"அண்ணே, அருமையாக இழுக்கிறீர்கள்!" என்று பின்னாலிருந்து பாராட்டு வேறு. அவர் என்னைவிட இரண்டு மாதம் மூத்தவர் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"முந்திப் போங்கள்" என்றேன்.

"இல்லை அண்ணே, உங்களைத் தாண்டிப் போவது மரியாதையாக இருக்காது."

மரியாதை! இதற்கு மேல் நான் என்ன பேசுவது?

மூன்றாவது சுற்றில் நடுவரின் மோட்டார் சைக்கிள் ஓசை கேட்டது. அப்போது நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆசிரியரின் செருப்புச் சத்தம் கேட்ட நாலாம் வகுப்புப் பிள்ளையைப் போல உழைப்பாளி மெல்லப் பின்னால் நழுவினார். ஒன்பது மீட்டரும் இல்லை, பதினொன்றும் இல்லை, சரியாகப் பத்து. அந்த மனிதருக்கு விதி தெரியாது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அளவுநாடா இல்லாமலே தெரிகிறது. நடுவர் எங்களைக் கடந்து போகும்போது நான் கையைப் பின்னால் நீட்டிக் காட்டினேன். அவர் நான் கையசைக்கிறேன் என்று நினைத்துப் பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போனார். ஓசை மறைந்தது. அரை நிமிடத்தில் சங்கிலி ஓசை திரும்பி வந்தது.

இதுவாவது ஒற்றை ஆள். எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம் போனது, பதினான்கு பேர், கல்யாண ஊர்வலம் போல. இந்த ஊர்ச் சாலையில் சாதாரண நாளில் சைக்கிளோட்டிகள் பத்துப் பேருக்கு மேல் ஒரு குழுவாகப் போகக் கூடாது என்று 2022 முதல் விதி இருக்கிறது. தனித்தனியாக ஓட்ட வேண்டிய பந்தயத்தில் பதினான்கு பேர் ஒன்றாகப் போகிறார்கள். நாதஸ்வரம் ஒன்றுதான் குறை.

பிறகு ஓட்டம். 40 கிலோமீட்டர் இரண்டு பேருக்கும் சேர்த்துக் காற்றைக் கிழித்த கால் எப்படி இருக்கும்? பிடோக் படகுத்துறைப் பக்கம் எட்டாவது கிலோமீட்டரில், அப்போதுதான் தூங்கி எழுந்தவர் போல உழைப்பாளி என்னைத் தாண்டிப் போனார். அந்த நேரத்தில் மட்டும் மரியாதை அவரைத் தடுக்கவில்லை. "விட்டுவிடாதீர்கள் அண்ணே!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். 11 விநாடி. மூன்றாமிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் இடையே 11 விநாடி. பரிசு ஒரு துண்டும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியும். தேக்காவில் பத்து வெள்ளிக்கு இதைவிட நல்ல துண்டு வாங்கலாம். அதுதான் என் நெஞ்சைப் பிசைகிறது. கோடிக்காகத் திருடினால்கூடப் புரிந்துகொள்ளலாம்.

1980இல் பாஸ்டன் மாரத்தானில் கடைசிப் பகுதியை மட்டும் ஓடிப் பெண்களில் முதலாவதாக வந்த ரோசி ரூயிஸைப் பார்த்து ஊரே சிரித்தது, எட்டே நாளில் பட்டத்தைப் பிடுங்கினார்கள். எனக்கு இப்போது அந்த அம்மையார் மேல் மரியாதையே வருகிறது. குறைந்தபட்சம் அவர் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒளியவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் குளித்துவிட்டுத் தூங்கியிருப்பேன். பரிசு கொடுக்கும் பந்தலில் என் காதில் விழுந்த பேச்சு வேறு. மூன்று பேர், எல்லாருக்கும் எங்கள் வயது, ஒரு மருத்துவரின் பெயரைச் சொல்லி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் மருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ மோர்க்குழம்புப் பக்குவம் பேசுவது போல! "மருத்துவர் எழுதிக் கொடுப்பதுதானே, வயதானால் குறையத்தானே செய்யும்" என்றார் ஒருவர். குறையும் ஐயா, குறையத்தான் வேண்டும். அதற்காகத்தானே வயதுப் பிரிவு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்! உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் வழிகாட்டியும் வயதாவதை மட்டும் காரணமாகக் காட்டி தடைசெய்யப்பட்ட இந்த மருந்தைப் பயன்படுத்த விலக்குக் கேட்க முடியாது என்கிறது. மருத்துவச் சீட்டும் விலக்கும் ஒன்றல்ல. ஆனால் கேட்பது யார்? அயர்ன்மேன் போன்ற பெரிய பந்தயங்களில் எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களையும் சோதிக்கிறார்கள். பிடிபட்டுத் தடை வாங்கியவர்களும் உண்டு. எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் சிறுநீர் கேட்டு நின்றவர் யாருமில்லை. கழிப்பறை வரிசைதான் நீளமாக இருந்தது.

2011இல் ஜெர்மனியில் மூன்று பந்தயங்களில் 2,997 டிரையத்லான்காரர்களிடம், யார் என்ன சொன்னார் என்று கண்டுபிடிக்க முடியாதபடி கேட்டுப் பார்த்தார்கள். முந்தைய 12 மாதத்தில் உடல் திறனுக்காக ஊக்கமருந்து எடுத்தவர்கள் சுமார் 13 விழுக்காடு என்று கணக்கு வந்தது. இது தெரிந்திருந்ததால் பந்தலில் நான் மனக்கணக்குப் போட்டேன். எங்கள் பிரிவில் 38 பேர். 13 விழுக்காடு என்றால் ஐந்து பேர். தொடையைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். இவர், அவர், அதோ அந்த முறுக்கு மீசைக்காரர்... நாலாவது ஆளைத் தேடித் திரும்பினால், அவர் என் தொடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதுதான் என்னைக் கொல்கிறது. போன ஆண்டு என் நேரம் நான்கு நிமிடம் குறைந்தது. விடிகாலை நாலரைக்கு எழுந்து, பிராட்டாவை விட்டு, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துச் சம்பாதித்த நான்கு நிமிடம். மைத்துனன் கண்ணடித்துக் கேட்டான், "என்ன அத்தான், ஊசியா?" சத்தியமாக இல்லை என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றான். எதைக் காட்டி நிரூபிப்பது? என்னைத்தான் யாரும் சோதிக்கவில்லையே!

ஊசி என்றதும் நினைவுக்கு வருகிறது. தோ பாயோவில் இருக்கும் என் அத்தை வாரம் மூன்று முறை சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறார். அவருக்கு ஈபிஓ ஊசி போடுகிறார்கள். ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும் மருந்து. அது இல்லாவிட்டால் அவருக்கு மின்தூக்கியிலிருந்து வீட்டு வாசல் வரை நடக்க மூச்சு வாங்கும். அதே மருந்தைத்தான் உலகமெங்கும் இந்த விளையாட்டில் திருடிப் போட்டுக்கொண்டு பிடிபடுகிறார்கள். எங்கள் பந்தலில் யாரும் போட்டுக்கொண்டதாக நான் சொல்லவில்லை, என்னிடம் ஆதாரம் கிடையாது. அத்தையிடம் இதைச் சொன்னேன். "ஓடுவதற்கா? அவர்களுக்குத்தான் கால் நன்றாக இருக்கிறதே" என்றார்.

சரி, இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். பந்தயம் முடிந்து பசியில் உணவங்காடி நிலையத்துக்குப் போனேன். கையில் தட்டு, தட்டில் இரண்டு முட்டைப் பிராட்டா, தே தாரிக், கால் நடுங்குகிறது. ஒரு மேசை காலியில்லை. அதாவது மனிதர்கள் இல்லை, இடம் பிடிக்க வைத்துவிட்டுப் போன டிஷ்யூ பாக்கெட்டுகள் உட்கார்ந்திருந்தன. ஒரு மேசையில் குடை. ஒரு மேசையில் யாரோ அலுவலக அடையாள அட்டையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு வெள்ளி டிஷ்யூ கட்டுக்கு இந்த ஊரில் இருக்கிற சொத்துரிமை எனக்கு இல்லை. ஐந்து நிமிடம் தட்டோடு சுற்றினேன், ஐந்து நிமிடம்!

"அண்ணே! இங்கே வாருங்கள், உங்களுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருக்கிறேன்."

உழைப்பாளி. மேசைமேல் விரித்திருந்தது மூன்றாம் பரிசுத் துண்டு.

உட்கார்ந்தேன். என்ன செய்வது, கால் கேட்கவில்லை. என் தட்டிலிருந்து அரைப் பிராட்டா அவர் வாய்க்குப் போனது. சாப்பிட்டு முடித்ததும், தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் முதலில் எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம் என்ற நினைப்பில் எழுந்தேன். இரண்டு பேர் தட்டையும் நான்தான் எடுத்தேன், எப்படி என் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. எதிரே கூட்டம் நெருக்கியடித்தது. "வழி, வழி" என்று விலக்கிக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்த்தால், கையை வீசிக்கொண்டு எனக்குப் பின்னாலேயே வருகிறார். அரை மீட்டர்.